பதினான்காம் பதிப்பு

ஆலையின் மென்பொருள் முழுவதும் கிட்டங்கியிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்தது, ஒரே ஒரு கோப்புறையைத் தவிர. கொதிகலன் வந்தது. எடைமேடை வந்தது. எண்ணெய்த் தொட்டிகள் வந்தன. 'வேகவைப்பு' என்ற கோப்புறையும் வந்தது, ஆனால் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டைத் திறந்து காட்டியதுபோல உள்ளே ஒன்றுமே இல்லை. அதன் கீழே திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: வேகவைப்பு, பதிப்பு பதினான்கு, அப்படி ஒரு திட்டம் இங்கே இல்லை. சற்குணம் அதே கட்டளையை மறுபடியும் எழுத்தெழுத்தாக அடித்தாள். கிட்டங்கி மறுபடியும் அதையே சொன்னது. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஷேக் அலாவுதீன் கையிலிருந்த தேநீரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"யாராச்சும் பேரு மாத்தி வெச்சிருப்பாங்கலா. தேடிப் பாருங்கக்கா."

"தேடிட்டேன், ஷேக். பேரு மாறல. ஆளே இல்ல."

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு செப்டம்பர். போன வருடம் மலேசிய நாணயமான வெள்ளியின் மதிப்பு சரிந்ததிலிருந்து பிறை தொழிற்பேட்டையில் வாரத்துக்கு ஒரு தொழிற்சாலை ஆள் குறைத்துக்கொண்டிருந்தது. இவர்களுடைய நிறுவனம் பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்வது. லாரியில் வரும் பழக்குலைகளை எடைபோடுவது முதல், அவற்றை நீராவியில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைத் தொட்டியில் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் அந்தப் பெட்டிதான் நடத்தும். ஐந்து நாளைக்கு முன் நிபோங் திபால் பக்கத்து ஆலை ஒன்றில் இடி விழுந்து பெட்டி கருகிவிட்டது. புதுப் பெட்டி தயாராக மேசையில் இருந்தது. அதற்குள் போடவேண்டியது, அந்த ஆலையில் மூன்று வருடமாக என்ன ஓடியதோ அதே மென்பொருள், ஒரு எழுத்து மாறாமல். பழம் காய்த்துத் தள்ளும் மாதம் அது. வெட்டிய குலை இரண்டு நாளில் வேகாவிட்டால் புளித்துப்போகும். ஆலைக்காரர்கள் மணிக்கு ஒருதரம் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மரியாதையாக, இப்போது அப்படி இல்லாமல்.

கிட்டங்கி என்பது அலாவுதீனும் சற்குணமும் சேர்ந்து கட்டிய நிரல். ஒவ்வொரு கோப்பும் நேற்று எப்படி இருந்தது, போன வருடம் எப்படி இருந்தது என்று எல்லாப் பதிப்புகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும். கடையில் விற்ற நிரல்களின் விலையைக் கேட்டுவிட்டு மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால் இவர்களே கட்டிக்கொண்டார்கள். பெயர் வைத்தது அலாவுதீன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவனுடைய அத்தா நடத்திய துணிக்கடைக்குப் பின்னால் ஒரு கிட்டங்கி இருந்தது. அங்கே போன சரக்கு எலிக்குத் தவிர வேறு யாருக்கும் திரும்பக் கிடைத்ததில்லை என்று அத்தாவே சொல்லிச் சிரிப்பார். பெயர் வைக்கும்போது அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வேகவைப்பு என்ற திட்டம் எங்கே போனது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் காமாரியா, பணியாளர் பிரிவிலிருந்து வந்த ஒரு தாளைக் கோப்பிலிருந்து உருவிக் காட்டினாள். மார்ச் மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பதினொரு பேரின் பெயர்கள். அவர்கள் பெயரில் கணினியில் இருப்பதையெல்லாம் நீக்கி இடத்தை மீட்கவும். நான்காவது பெயர் பிச்சைமுத்து. வேகவைப்பை எழுதியவன் அவன். அது அவன் பெயரில்தான் இருந்தது. வட்டில் இருந்ததை எல்லாம் படியெடுத்து வைக்கும் நாடாக்களோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து, பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்பவை. மார்ச் மாதத்து நாடாவில் இப்போது ஜூன் மாதம் உட்கார்ந்திருந்தது.

"நான் என்னா செய்றது, அண்ணே," என்றாள் காமாரியா. பாட்டி காலத்திலிருந்து பினாங்கில் இருக்கும் குடும்பம்; தமிழும் மலாயும் அவளுக்கு ஒரே வாயில் வரும். "டிலீட்னு அடிச்சேன். ஷுவரான்னு ஒருவாட்டி கேட்டுச்சு. யெஸ் போட்டேன். போயிருச்சு. யாருக்காச்சும் வேணுமான்னு அது கேக்கலையே. கேட்டிருந்தா நான் உங்ககிட்ட வந்து கேட்டிருப்பேன்லா."

சற்குணம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலாவுதீன் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகக் காமாரியாவின் மேசையிலிருந்த பூச்செடியைப் பார்த்தான். பிளாஸ்டிக் செடிதான். இருந்தும் நீண்ட நேரம் பார்த்தான்.

யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருக்கவேண்டியது கிட்டங்கிதான். அப்படிக் கேட்கவேண்டும் என்று தொண்ணூற்றைந்தாம் ஆண்டில் சற்குணம் எழுதி வைத்திருந்தாள்.

அப்போது அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயம், ஒரு திட்டத்துக்குள் இன்னொரு திட்டம் இருந்தால் என்ன செய்வது என்பது. ஒவ்வொரு ஆலையின் மென்பொருளும் ஒரு திட்டம். அதற்குள்ளே கொதிகலன், எடைமேடை, வேகவைப்பு என்று சின்னச் சின்னத் திட்டங்கள். அந்தச் சின்னவை பல ஆலைகளுக்குப் பொது. ஒவ்வொரு ஆலைக்குள்ளும் ஒரு நகலைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று முதல் நாள் பேசினார்கள். ஆனால் பதினோரு ஆலை, பதினோரு நகல். ஒன்றில் திருத்தியது மற்றதற்குத் தெரியாது. ஆறே மாதத்தில் ஒரே பெயரில் பதினோரு அந்நியர்கள் இருப்பார்கள். அதனால் நகல் வேண்டாம், சீட்டுப் போதும் என்று முடிவானது. ஆலையின் திட்டத்துக்குள் வேகவைப்பு இருக்காது. வேகவைப்பை எங்கே போய் எடுப்பது என்ற சீட்டு மட்டும் இருக்கும். அதுவரை சண்டை இல்லை. சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் தொழிற்சாலை உணவகத்தில் மூன்று மதிய உணவு ஆறிப்போனது.

எப்போது கேட்டாலும் புதிய பதிப்பையே கொண்டுவரட்டும் என்பது அலாவுதீனின் கட்சி. எழுதச் சுலபம், மேலாளரிடம் காட்டினால் பளபளவென்று இருக்கும். சற்குணம் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் காலுக்குக் கீழே யாரோ தரையை மாற்றக்கூடாது. சீட்டில் பதிப்பு எண் இருக்கவேண்டும், பதினான்கு என்றால் பதினான்குதான். மூன்றாம் நாள் நான்கு பக்கத்தில் கையால் எழுதிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அதில் இரண்டு விதிகள். முதல் விதி, பதிப்பு எண். இரண்டாவது விதி, எந்த உட்திட்டத்துக்கு யாரிடம் சீட்டு இருக்கிறது என்று உட்திட்டத்தின் பக்கமும் ஒரு பட்டியல் இருக்கவேண்டும். சீட்டு ஒன்று வெளியே இருக்கும்வரை அதை நீக்க விடக்கூடாது.

"ஒருத்தர நம்பி எத்தன பேரு இருக்காங்கன்னு அந்த ஆளுக்கும் தெரியணும், ஷேக்," என்றாள்.

"இதுக்கு எத்தன நாளாகும்?"

"மூணு வாரம்."

"அக்கா, மொதல் ரூல் எடுத்துக்குங்க. நான் தலையாட்டிட்டேன். ரெண்டாவது அப்புறம்."

"ரெண்டும் சேந்தாத்தான் ஒண்ணு."

அவன் சிரித்தான். சேலை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இந்த ரெண்டும் சேர்த்துத்தான், இல்லாவிட்டால் வேண்டாம் என்று. கதவுவரை போவார்கள். பிறகு ஒன்றோடு திரும்பி வருவார்கள். ஒரு பொருளின் விலை முதலில் சொல்வது அல்ல, இருவரும் சலித்துப்போய் நிற்கும் இடம் என்பது அவன் வளர்ந்த கடையின் சட்டம். அத்தா பத்து கெஜத்தை அளந்துகொண்டே வாடிக்கையாளரின் கண்ணை அளப்பார். அலாவுதீனுக்கும் அந்தக் கண் உண்டு. அவள் கண்ணை அளந்தான். அவள் மேலே ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்றால் படிந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது விதிக்குப் பக்கத்தில், ஓரத்தில், நீல மையால் 'இப்போது வேண்டாம், அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினோம், இரண்டு பேருக்கும் நியாயம் என்று அன்று மாலை முழுவதும் அவனுக்கு மனசு நிறைவாக இருந்தது. அடுத்த கட்டம் வரவில்லை. அடுத்த கட்டங்கள் பொதுவாக வருவதில்லை.

சற்குணம் வளர்ந்த வீடு வேறு. அவள் அப்பா விநாசித்தம்பி முப்பத்தொரு வருடம் ரயில்வே குமாஸ்தா. டிக்கெட்டில் அச்சடித்த கட்டணம்தான் கட்டணம்; பத்துக் காசு குறைத்துக்கொள்ளச் சொல்லி எந்தப் பயணியும் அவரிடம் நின்றதில்லை. அந்த வீட்டில் தேவையானதை ஒருமுறை சொல்வார்கள். கேட்டவர் மறுத்தால், விளங்கிக்கொண்டுதான் மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டு தள்ளிப் போவார்கள். இரண்டு வேண்டும் என்றால் மூன்று கேட்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று கேட்டிருந்தால் அலாவுதீன் அன்றைக்கே இரண்டைக் கொடுத்திருப்பான். இதைக் காமாரியாவின் பிளாஸ்டிக் செடிக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவன் கண்டுபிடித்தான். அவள் சொன்னது அடக்கவிலை. அவன் அதைச் சொல்விலையாகக் கேட்டிருக்கிறான்.

மறுநாள் இருவரும் அவனுடைய காரில் பிச்சைமுத்துவைத் தேடிப் போனார்கள். பதினோரு ஆலைகளில் வேகவைப்பையும் இதே பெட்டியில் ஓட்டியவை இன்னும் இரண்டுதான். அவற்றில் ஓடியது ஒன்பதாம் பதிப்பு, நீராவிக் கலன்களின் கதவு வேறு மாதிரி. இங்கே பொருந்தாது. பிச்சைமுத்துவிடம் ஒரு பிரதியாவது இருக்கவேண்டும். வழியில் சற்குணம் ஒரே ஒருமுறை பேசினாள், காலையில் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்ட வரும் பெண் நேரத்துக்கு வந்தாளா என்று தெரியவில்லை என்று. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். அந்த வீட்டுக்குள் வருவது ஒரே சம்பளம். அலாவுதீன் அதற்குப் பதிலாக எதையோ சொல்ல நினைத்து, கண்ணாடியைத் துடைக்கும் விசையைத் தட்டினான். மழை பெய்யவில்லை.

பைராம் தோட்டத்துக்குப் போகும் பாதையில், சாலையோரம் நின்ற ஒரு லாரிக்குக் கீழே படுத்து பிச்சைமுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். லாரி நிறையப் பழக்குலை. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயையும் மீறிப் புளித்த வாடை அடித்தது; சின்னஞ்சிறு ஈக்கள் அதன்மேல் புகைபோல எழும்பி எழும்பி உட்கார்ந்தன. அவன் பிறந்த தோட்டம் அது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பாலிடெக்னிக் வரை படித்துப் போனவன், மார்ச் மாதம் திரும்பி வந்திருந்தான்.

"வாங்கண்ணே. வாங்கக்கா." எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்தான். "இன்னும் அதே கெரேத்தாதானா? மேல உள்ளவங்களுக்குக் கூடவா வெட்டு?"

"மேலயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படி இருக்க, பிச்சை?"

"லோரி ஓட்டறேன். மில்லு ஒரு வாரமா நிக்குது. இத ஏத்திக்கிட்டுத் தைப்பிங் பக்கம் போனா அங்க நாப்பது லோரி லைன்ல நிக்குது. திரும்பி வந்துட்டேன். ஏன் நிக்குதுன்னு ஒருத்தனும் சொல்லல."

அலாவுதீன் சொன்னான். இடி விழுந்தது, பெட்டி கருகியது, கிட்டங்கியில் கேட்டது, இல்லை என்று வந்தது, காமாரியாவின் பட்டியல் எல்லாவற்றையும் சொன்னான். ஓரத்தில் நீல மையால் எழுதியதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு இது இடமில்லை என்று நினைத்தான். பிச்சைமுத்து லாரியின் சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டான். பிறகு சிரித்தான். சிரிப்பு நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்ச தூரம் தானாகப் போயிற்று.

"அப்ப என் கோட் இல்லாமதான் என் லோரி நிக்குது."

"காப்பி ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

"எப்படிண்ணே? அன்னைக்கு கேட்டுல காவலுக்கு நின்ன ஜாகா பையக் கவுத்துக் கொட்டிப் பாத்தான். டிஸ்கெட் அத்தனையும் எடுத்துக்கிட்டான். எம் பொண்ணு விளையாடற கேம் டிஸ்கெட்டு ஒண்ணு, அதையும் சேத்து." அவன் கையிலிருந்த ஸ்பேனரை லாரிப் படியில் வைத்தான். "என்னைய வெட்டினீங்க, சரி. கம்பெனின்னா வெட்டும். அத ஏன் வெட்டினீங்க? அது சம்பளம் கேட்டுச்சா?"

ஒரு மோட்டார்சைக்கிள் கடந்து போனது. ஓட்டியவன் பிச்சைமுத்துவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, காரைப் பார்த்துவிட்டுப் போனான்.

"திருப்பி எழுத முடியுமா, தம்பி?" என்று கேட்டது சற்குணம்.

"முடியும்கா. ஆவி முழுசா எறங்காம கதவு தொறந்துச்சுன்னா எதுத்தாப்ல நிக்கிறவன் வெந்துருவான். எத்தன செகண்டு நிறுத்தணும், எந்தப் பைப்ப மொதல்ல மூடணும்னு அந்த மில்லுல நாலு மாசம் நின்னு பாத்து எழுதினது. தலையில இருக்கு. பத்து நாள்ல எழுதிருவேன். ஆனா வேலை வேணும். பழைய வேலை."

அலாவுதீனுடைய வாய் அவன் அனுமதி இல்லாமலே திறந்தது. "பெர்மனென்ட்டு இப்ப ரொம்பக் கஷ்டம்லா. மூணு மாசக் கண்டிராக்ட்டுன்னா நான் பேசிப் பாக்கறேன். அப்புறம் மெதுவா..."

"அண்ணே." பிச்சைமுத்து மரியாதையாகத்தான் சொன்னான். "நான் வெலை சொல்லல. வேணுங்கறதச் சொன்னேன்."

சற்குணம் அலாவுதீனைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. பக்கத்து மேசைக்காரருடைய கணக்கும் தன்னுடையதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் குமாஸ்தாவின் பார்வை அது. "அவர் கேக்கிறது சரி," என்று மட்டும் சொன்னாள்.

பிச்சைமுத்து கேட்டதைத் தெரிந்துகொண்ட மேலாளர் பரமநாதன் அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு இருவரையும் கூப்பிட்டிருந்தார். கிட்டங்கியின் வடிவமைப்பைப் பற்றிய தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அலாவுதீன் இரண்டரைக்கே அலமாரியிலிருந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்தான். மூன்று வருடத்தில் தாள் லேசாகப் பழுப்பேறியிருந்தது. முதல் பக்கத்தில் தலைப்பு, கீழே அவள் பெயர் மட்டும். மூன்றாம் பக்கத்தின் வலது ஓரத்தில் நீல மை. நேற்று எழுதியதுபோல இருந்தது, நல்ல மை.

நடைபாதையில் இருந்த நகல் இயந்திரம் பழையது. தாளைச் சரியாக ஒட்டி வைக்காவிட்டால் ஒரு பக்கத்தை விழுங்கிவிடும். அவன் நான்கையும் வைத்து நகல் எடுத்தான். மூன்றாம் பக்கத்தின் நகலில் சற்குணத்தின் கையெழுத்து முழுதாக வந்திருந்தது. வலது ஓரம் வரவில்லை. வெள்ளையாக இருந்தது. அவன் மூடியைத் தூக்கினான், தாளை இடது பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தினான், பச்சைப் பொத்தானில் விரலை வைத்தான். மனைவி சலேஹாவின் முகம் நினைவுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள், பள்ளிச் சீருடையில். இந்தப் பட்டணத்தில் இன்றைக்கு முப்பத்தாறு வயதுக்காரனை எந்தக் கதவு உள்ளே கூப்பிடும் என்று யோசித்தான். வாயால் சொல்லிக்கொள்ளலாம், தாள் எதற்கு என்று யோசித்தான். நேரமாகிவிட்டது என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, பொத்தானை அழுத்தாமலே அசல் தாள்களை எடுத்துத் தன் பையில் வைத்தான். நேரம் இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

பரமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுத்து வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அரசாங்கத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்று இங்கே வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகலை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். இருவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது அவர் வேகம் குறைந்தது. அலாவுதீன் மேசைமேல் இருந்த காகித எடையைப் பார்த்தான்.

"இரண்டாவது விதி எண்டு நல்ல வடிவாய் எழுதியிருக்கு, பிள்ளை," என்றார் சற்குணத்தைப் பார்த்து. "சீட்டு வெளியில இருக்கேக்க அழிக்க விடக்கூடாது எண்டு. எழுதிப்போட்டு ஏன் செய்யேல்லை?"

சற்குணம் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஓரத்தைப் பார்த்தாள். பிறகு அலாவுதீனைப் பார்க்காமலேயே நேராக உட்கார்ந்தாள்.

"அப்ப எடுத்த முடிவு, சார்."

"ஆர் எடுத்தது?"

அவள் சொல்லமாட்டாள் என்று அலாவுதீனுக்குத் தெரிந்தது. பயத்தால் அல்ல, பெருந்தன்மையால்கூட அல்ல. அது அவன் சொல்லவேண்டியது, அவ்வளவுதான். அவள் காத்திருந்தாள். அவன் வாழ்நாளில் எத்தனையோ பேர் அவன் எதிரில் காத்திருந்திருக்கிறார்கள், விலை இறங்கும் என்று. இறங்காத ஒன்றுக்காக ஒருவர் காத்திருந்து அவன் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபோது முழுவதையும் சொல்லத்தான் திறந்தான். பழக்கம் நடுவில் நின்று கையை நீட்டியது.

"நாங்க ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவு சார். டைம் இல்ல. அப்ப அப்படித்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்ததும் நெஞ்சு ஒரு கணம் லேசாயிற்று. பாதியைத் தன்மேல் போட்டுக்கொண்டான் அல்லவா, மோசமில்லை. அடுத்த கணம், மீதிப் பாதி யார்மேல் விழுந்தது என்ற கணக்கு அவனுக்கே விளங்கியது.

பரமநாதன் கண்ணாடியை இறக்கிவிட்டார். "ரெண்டு பேர் எண்டா ஒருத்தரும் இல்லை எண்டு அர்த்தம். ஆலைக்காரருக்கு நான் ஒரு பேர் சொல்லோணும். போர்டு புது இடம் ஒண்டும் தராது எண்டு சொல்லிப்போட்டுது. அந்தப் பிச்சைமுத்துப் பொடியன் உள்ள வாறதெண்டா ஒராள் வெளிய போகோணும். பேப்பரில இருக்கிறது உம்மட பேர்." நகலை மடித்து மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் காலமை கடிதம் அடிக்கச் சொல்லுறன். எனக்கும் விருப்பமில்லை, பிள்ளை. அப்பாவை எனக்குத் தெரியும்."

"சரி, சார்," என்றாள் சற்குணம். எழுந்து நாற்காலியை முன்பிருந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தாள்.

பினாங்குத் தீவுக்குப் போகும் ஐந்தரை மணிப் படகுக்குக் கார்கள் இரண்டு வரிசையாக ஏறின. பாலம் வந்து பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் சற்குணத்தின் வீடு படகுத்துறைக்குப் பக்கம் என்பதால் ஐந்து வருடமாக மாலையில் இருவரும் படகில்தான் திரும்புவது. அலாவுதீன் இயந்திரத்தை நிறுத்தினான். பக்கவாட்டில் ஒரு கோழி லாரி, மறுபக்கம் இரும்புச் சுவர். படகு கரையை விட்டு விலகியபோது உடல் உணர்வதற்கு முன்னால் கோழிகள் உணர்ந்து சத்தம் போட்டன. கடல் மங்கலாக, ஈயம்போல இருந்தது. மழை தீவின் மலைமேல் நின்றுகொண்டு வரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பேசவேண்டும் என்று நான்கு வாக்கியங்களைத் தயார் செய்து நான்கையும் விட்டுவிட்டான்.

"ஓரத்துல நீங்க எழுதினது வரல," என்றாள் சற்குணம், முன் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி.

"மெஷினு சரியில்லக்கா."

"மெஷினு அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் ரெண்டு தடவை வெப்போம்."

அவன் கோழி லாரியைப் பார்த்தபடி சொன்னான், "முழுசும் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேருமே போயிருப்போம்லா."

"இல்ல, ஷேக். நீங்க போயிருப்பீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குப் பதில் இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லும் வித்தை அவனுக்குக் கைவந்தது. கோபம் என்றால் பேச்சு இன்னும் முடியவில்லை. அவளோ மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பின் இருக்கையில் அவன் பை கிடந்தது, உள்ளே நான்கு பக்கம். தட்டச்சு செய்யும் ஹபீபா பீவி காலை எட்டரைக்கு வருவாள், தேநீர் குடித்து இயந்திரத்தின் உறையைக் கழற்ற ஒன்பது ஆகும். அதற்குள் ஒருவன் மேலாளர் அறைக் கதவைத் தட்டலாம். தட்டினால் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தை அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அது ஒரு சொல் நீளமாயிற்று: ஆனால், அப்போது, நேரம், சற்குணமும். அவன் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"பிச்சைமுத்து வந்தா," என்றாள் சற்குணம், "கதவு விஷயத்த முதல்ல எழுதச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் எழுதலாம். அங்க நிக்கிறவங்க பாவம்." கைப்பையை எடுத்தாள். "நான் மேல போய் நிக்கிறேன். இங்க கோழி வாடை."

அவள் கதவைத் திறக்க லாரிக்கும் காருக்கும் இடையில் போதிய இடம் இல்லை. உடலைச் சாய்த்து, கதவு லாரியில் படாமல் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக வெளியே வந்து, சத்தம் வராமல் மூடினாள். இரும்புப் படிகளில் ஏறி நடைப்பயணிகளின் தட்டுக்குப் போனாள். அவன் கண்ணாடியில் அவள் செருப்பு மறையும்வரை பார்த்தான்.

தீவு பெரிதாகிக்கொண்டே வந்தது. மணிக்கூண்டு, கிடங்குகளின் கூரைகள், படகுத்துறையில் கொடிக்கம்பம். படகு மரத்தூண்களில் இடித்து, முனகி, நின்றது. மேல்தட்டுக்காரர்கள் முதலில் இறங்கினார்கள். தலைக்கு மேலே நூறு காலடிகள் ஒரே பக்கமாக ஓடுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சங்கிலி கடகடவென்று ஓடிப் பாலப்பலகை கரையில் விழுந்தது. மறுவரிசைக் கார்கள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு வெளியேறின. இவன் வரிசையில் முன்னால் யாரும் இல்லை. சாவியில் கை இருந்தது; அந்த ஒரு வாக்கியம் இன்னும் முடிந்தபாடில்லை. பின்னாலிருந்து ஒரு ஹாரன், பிறகு மூன்று. பின் காரிலிருந்தவன் தலையை வெளியே நீட்டி என்னவோ கேட்டான்.

மஞ்சள் மேலங்கி போட்ட படகு ஊழியர் ஒருவர் அவசரமில்லாமல் நடந்து வந்தார். உள்ளே குனிந்து பார்த்தார், ஆள் உயிரோடுதான் இருக்கிறானா என்பதுபோல. காரின் முன்மூடியை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். காலியாகிவிட்ட பலகையையும் அதற்கப்பால் நனைய ஆரம்பித்திருந்த கரையையும் கையால் காட்டினார். கையைக் கீழே போடாமல் அப்படியே நீட்டியபடி நின்றார்.